நிறையாத தொட்டி

மே 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய இரண்டு உருப்படியும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தன. சின்னது பேருந்தில் வாந்தி எடுத்திருக்கிறது. வழிச்சேதம் அனுப்பியவர் பொறுப்பு, என்னிடம் கேட்காதே. நடத்துநர் நல்ல மனிதர், இரண்டையும் கையைப் பிடித்துக் கடைவாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

நீ போன் சிக்னல் எட்டாத மலையில் சுரங்கப்பாதை வெட்டுகிறவர்களுக்குச் சோறு பொங்கப் போய்விட்டாய். இங்கே கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவன் தலையில் இரண்டு பிள்ளைகள். மாடே வாங்காதவனுக்குச் சாணி அள்ளுகிற வேலை என்று எதிர்க்கடைக்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். மச்சான் இருந்திருந்தால் உனக்கு இந்த அலைச்சல் இல்லை. அவர் இல்லை, நான் இருக்கிறேன். கவலைப்படாமல் வேலையைப் பார்.

பெரியவளுக்குப் பத்து வயதுக்கு மீறிய வாய். வந்ததும் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்ளோ வாளியை யாரு வாங்குவாங்க? ஒரு வீட்டுக்கு எத்தனை வாளி வேணும்?" என்றாள். "வாளி உடையும்மா. அது உடையுறதாலதான் நாம சாப்பிடுறோம்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்னவனுக்கு நீ வைத்த பட்டப்பெயர்தான் சரி. வாலு. கடைக்குப் பின்னால் முற்றத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றனவே, ஏணி வைத்து ஏறி அதற்குள் இறங்கி இருவரும் ஒளிந்து விளையாடுகிறார்கள். காலித் தொட்டிதானே. மூடியை மட்டும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. தையல்கடை அம்மா, மாடிக்கு வாங்கிய தொட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். புகார் என்ன தெரியுமா? நிறையவில்லையாம். "ஒழுகுதா?" என்றேன். "ஒழுகலீங்க, மாடி காஞ்சுதான் கிடக்கு. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, தொட்டி நிறைய மாட்டேங்குது" என்கிறாள். ஒழுகுகிற தொட்டி பார்த்திருக்கிறேன், வெயிலில் வெடித்த தொட்டி பார்த்திருக்கிறேன். நிறையாத தொட்டியைப் பார்த்ததில்லை. வேறொன்று கொடுத்தனுப்பிவிட்டு, இதை முற்றத்தின் கடைசியில் நிறுத்திவைத்திருக்கிறேன். அவளும் சும்மா போகவில்லை. "இவ்ளோ அலைஞ்சேனே, கொசுறா எதாச்சும் போடுங்க" என்று ஒரு குளியல் மக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குக் கோபமே வரவில்லை. வாங்கிய பிறகு மேலே கொஞ்சம் கேட்கத் தெரியாதவன் சந்தைக்கே வரக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. நான் தள்ளுவண்டியில் வாளி விற்றதையும், தெருத்தெருவாகக் கூவியதையும் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைக்காதே. மாமா பிறக்கும்போதே முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

உன் அண்ணன்

*

மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

சாமான் ஏற்றி வரும் வண்டியில் உன் கடிதம் வெங்காய மூட்டைக்கு நடுவில் வந்தது. படித்து அழுதேன். பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே, வெங்காயம்.

இங்கே வேலை பரவாயில்லை. மலைக்குள் போகிறவர்கள் வெளியே வரும்போது முகமெல்லாம் மாவு பூசினாற்போல் தூசி. யார் யாரென்று தெரியாது. தட்டை நீட்டும் விதத்தில்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு நான் ஒரு தண்டவாளத் துண்டைத் தட்ட வேண்டும். எவ்வளவு உள்ளே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெரிய அதிகாரி கூப்பிட்டால் இவ்வளவு வேகமாக வர மாட்டார்கள்.

நிறையாத தொட்டி அதிசயமாக இருக்கிறதே. உன் வயிறு மாதிரி. அதற்குள் மட்டும் பிள்ளைகளை விளையாட விடாதே. காரணம் தெரியாத பொருளிடமிருந்து குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டும்.

வாலு தூக்கத்தில் காலை உதைப்பான், சுவர்ப் பக்கம் படுக்கவை. பெரியவள் கேள்வி கேட்டால் பதில் சொல். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றால்தான் நீ பயப்பட வேண்டும்.

வண்டி விஷயத்தை நான் சொல்லவில்லை. ஆனால் அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, அண்ணா.

உன் தங்கை

*

மே 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உட்கார்ந்து படி. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கிவைத்துவிட்டுப் படி.

போன வாரம் மதியம் பிள்ளைகளைக் காணவில்லை. முற்றம் முழுக்கத் தேடினேன், ஒவ்வொரு தொட்டியிலும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் அந்தத் தையல்கடைத் தொட்டியின் வாயிலிருந்து இரண்டு தலைகள் எழுந்தன. தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டி எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

"எங்கடா போனீங்க?"

"உள்ள அடி இல்ல மாமா" என்றான் வாலு.

"அடி இல்லாத தொட்டியை உன் மாமா விப்பானா? இப்ப உனக்கு அடி இருக்கு, வா."

"அடிச்சுக்கோங்க. ஆனா நிஜமாவே இல்ல. படிதான் இருக்கு, கல்லு படி. கீழ ஆறு ஓடுது."

ஆறாம். ஆறு முழுக்கப் பனிமூட்டமாம். அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம். மீசை வைத்த பெரியவர்கள்கூட நம் வாலு உயரம்தானாம். எல்லோருக்கும் படகு இருக்கிறதாம். மேலே ஒரே ஒரு வட்ட நிலா. "அது நிலா இல்ல மாமா" என்றாள் பெரியவள். "நம்ம தொட்டியோட வாய். அண்ணாந்து பார்த்தேன், உங்க மண்டை தெரிஞ்சுது. நீங்க மூடியைப் பாதி போட்டா அவங்களுக்குப் பிறை. முழுசாப் போட்டா அமாவாசை. அதனாலதான் நீங்க மூடி வெச்ச அன்னிக்கெல்லாம் பாவம் அவங்க தட்டுத் தடுமாறியிருக்காங்க."

தையல்கடை அம்மா மோட்டார் போட்டபோதெல்லாம் அங்கே மழையாம். ஆறு நிரம்பி ஓடியதாம். தொட்டி திரும்பி வந்ததிலிருந்து மழை இல்லை, படகுகள் சேற்றில் உரசுகின்றனவாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது வாலு கையைத் திறந்தான். உள்ளங்கையில் ஒரு கூழாங்கல். கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் இமைக்குள் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறத்தில் மினுங்கியது. வாங்கிப் பார்த்தேன். கை வெதுவெதுப்பாயிற்று. கதையை நம்ப மாட்டேன், கையில் இருக்கும் சரக்கை நம்பாமல் எப்படி இருப்பது?

நானும் இறங்கிப் பார்க்கலாம் என்று ஏணியில் ஏறிக் காலை விட்டேன். தொட்டியின் வாய் என் தொப்பைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேலே நின்றபடியே விளக்கைக் காட்டினேன், இருட்டு அதை விழுங்கிவிட்டது. சரி, நமக்கு எதற்கு ஊர் சுற்றுவது? அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், நம்மிடம் குழாய் இருக்கிறது. காலை முழுவதும் குழாயைப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் சட்டைப் பை நிறைய வெளிச்சக் கல் கொண்டுவந்தார்கள். கடை வாசலில் ஒரு கண்ணாடி வாளியில் போட்டு வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்கள் வாளியும் வாங்கிப் போகிறார்கள். இரண்டு பக்கமும் லாபம். நேர்மையான வியாபாரம்.

அங்கே ஓர் ஓடக்காரம்மா பிள்ளைகளுக்குச் சிநேகமாகிவிட்டாள். பெரியவள் அவளைப் பற்றிச் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. "அவங்க எனக்கு ஒரு விளையாட்டு கொடுத்தாங்க மாமா. கொடுத்ததும் அவங்களுக்கு அது மறந்தே போச்சு! நான் திருப்பிக் கொடுத்தேன், எனக்கு மறந்து போச்சு. அங்க கொடுத்தா முழுசாக் கொடுக்கறதுதான். கொஞ்சம் தனக்குன்னு வெச்சுக்கிட்டுக் கொடுக்கத் தெரியாது."

"அப்ப கொசுறு போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அப்படின்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது மாமா."

"தெரியாதவங்ககிட்டதான் கேக்கணும்" என்றேன். எப்படிக் கேட்பது என்றும் காட்டிக்கொடுத்தேன். பொருளை வாங்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி இரண்டு எட்டு வைக்க வேண்டும், பிறகு திரும்பி, முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டு, "இவ்ளோதானா?" என்று கேட்க வேண்டும். பெரியவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாலு அப்படியே செய்து காட்டினான். என் ரத்தம்.

உன் அண்ணன்

*

மே 27

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு முறை படித்தேன். நீ பொய் சொல்கிறவன் இல்லை. உன் பொய்யெல்லாம் தொட்டி பத்து வருடம் தாங்கும் என்பதோடு சரி. அதனால் நம்புகிறேன். நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இடத்தைப் பற்றி எழுதினாய், கல்லைப் பற்றி எழுதினாய். பிள்ளைகள் அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், வழி தவறினால் யார் கொண்டுவந்து விடுவார்கள், அதை எழுதவில்லை. நீ எட்ட முடியாத இடத்துக்கு என் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாய், அண்ணா. மலைக்குள் போகிறவனுக்குக்கூட வெளியே பெயரெழுத ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்று. முழுதாகக் கொடுக்கத்தான் தெரியும் என்கிறவர்களிடம் மேலே கொஞ்சம் கேட்டால், அவர்கள் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்? நீயே யோசி. வாலு உன்னைச் சந்தோஷப்படுத்த எதையும் செய்வான். அப்பா இல்லாத பிள்ளை, மாமா முதுகில் தட்டினால் போதும் என்று இருப்பான். அந்தத் தட்டலை எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடு.

கோபமாக எழுதிவிட்டேன். சாப்பிட்டாயா? வாய்க்கு ருசியாக யாராவது சமைத்துப் போடுகிறார்களா, இல்லை மூன்று வேளையும் முட்டையும் ரொட்டியுமா?

உன் தங்கை

*

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

முட்டையும் ரொட்டியும்தான். பிள்ளைகள் இளைக்கவில்லை.

நீ வீணாகப் பயப்படுகிறாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே வாலு கொசுறு வாங்கிவந்துவிட்டான். ஓடக்காரம்மா ஓடம் முழுக்கத் தேடிப் பார்த்தாளாம். "எங்கிட்ட அதிகமா ஒண்ணும் இல்லையே கண்ணு" என்றாளாம். பிறகு ஒரு சிமிழை எடுத்து, வாயருகே வைத்து, ஏதோ ஊதி மூடிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று மூடியை லேசாகத் தூக்கினேன். ஒரு கூவல். அவ்வளவுதான். பாட்டு இல்லை, வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அதைக் கேட்டவன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வந்துதான் ஆக வேண்டும். தெருவே என் கடை வாசலுக்கு வந்தது! முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஒருவன் வந்தான். எதிர்க்கடைக்காரன் தன் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்று, "எதுக்கு வந்தேன்னு தெரியலையே" என்றான். "வாளி வாங்க வந்தே" என்றேன். வாங்கிக்கொண்டு போனான். கிடங்கில் தூசி படிந்து கிடந்த பழைய சரக்கெல்லாம் போய்விட்டது. தினமும் காலையில் ஒருதரம் திறக்கிறேன்.

உன் மகள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "மாமா, அது அவங்க படகுங்களைக் கரைக்குக் கூப்பிடுற குரல். இப்ப அவங்களால கூப்பிட முடியல. பனிக்குள்ள போன ரெண்டு படகு இன்னும் வரல" என்கிறாள்.

"கொடுத்தவங்க வந்து கேட்கட்டும், திருப்பிக் கொடுத்துடறேன்" என்றேன்.

"அவங்க கேட்க மாட்டாங்க. அங்க கொடுத்ததைத் திருப்பிக் கேட்கற வழக்கம் கிடையாது."

"அப்ப நல்லதாப் போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் திரும்பி முற்றத்துக்குப் போய்விட்டாள், அன்றிலிருந்து ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வாலுவும் இரண்டு நாளாக அதிகம் பேசவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம். சிமிழில் சத்தம் முன்பு போல் இல்லை, திறக்கத் திறக்கக் கொஞ்சம் இறங்குகிறது. புதுச் சரக்கு ஒரு வண்டி வந்து இறங்கியிருக்கிறது, அது போகும்வரை தாங்கினால் போதும்.

உன் அண்ணன்

*

ஜூன் 10

அண்ணா,

வண்டி கிளம்பப் போகிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன். உன் கடிதத்தில் வாளி இருக்கிறது, எதிர்க்கடைக்காரன் இருக்கிறான், சரக்கு வண்டி இருக்கிறது. என் பிள்ளைகள் கடைசியில் இரண்டு வரியில் இருக்கிறார்கள், அதிலும் ஒருவன் பேசவில்லை, ஒருத்தி கேள்வி கேட்கவில்லை. பயப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தேனே.

அந்தச் சிமிழை இன்றைக்கே திருப்பிக் கொடு. கேட்கும்வரை காத்திருக்காதே.

உன் தங்கை

*

ஜூன் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் இது: பிள்ளைகள் இருவரும் நலம். என் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். வாலு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான், சுவர்ப் பக்கம்.

உன் கடைசிக் கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. காரியம் அதற்கு முன்தினமே நடந்துவிட்டது. கடிதம் முன்னாலேயே வந்திருந்தால் மட்டும் உன் பேச்சைக் கேட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் தபால்மேல் பழி போட விரும்பவில்லை.

மதியம், கடையில் நல்ல கூட்டம். பெரியவள் ஓடிவந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, வாலு ஓடத்தை எடுத்துட்டுப் போயிட்டான். காணாமப் போன படகுங்களைத் தேடிக் கூட்டிட்டு வர்றேன்னு போயிட்டான். கூவலை வாங்கிட்டு வந்தவன் நான்தானே, நான்தான் போகணும்னு சொன்னான். பனிக்குள்ள போனவன் வரல மாமா. அவங்களால கூப்பிட முடியல."

சிமிழை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏணியில் ஏறி, தொட்டி வாயில் வைத்துத் திறந்தேன். ஒரு பெருமூச்சு மாதிரி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. தங்கச்சி, அன்று காலையில்தான் அதன் கடைசி மிச்சத்தைக் குளியல் மக்கு விற்பதற்காகத் திறந்திருந்தேன்.

உள்ளே இறங்கப் பார்த்தேன். தலையும் ஒரு கையும் போயின, தோள் சிக்கிக்கொண்டது. ரம்பத்தை எடுத்துத் தொட்டியை அறுத்துவிடுகிறேன் என்றேன். பெரியவள் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அறுத்தா நிலா உடைஞ்சுரும் மாமா. அப்புறம் அவன் எந்த வழியா வருவான்?"

தலையை உள்ளே விட்டேன். அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். இத்தனை நாள் கல்லை மட்டும் பார்த்தவன். கீழே எவ்வளவு பெரிய ஆறு, தங்கச்சி! கடைக் கூட்டத்தில் நான் குழாயைத் திறக்க மறந்த நாட்களின் சேறு கரையில் தெரிந்தது. கரை நெடுகச் சின்னச் சின்ன ஆட்கள் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் அவர்களுடைய நிலாவை மறைத்துக்கொண்டிருந்தேன். அப்பால் வெள்ளையாகப் பனி. ஓடக்காரம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை.

வாலுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெயர் பக்கத்திலேயே விழுந்துவிட்டது. பனி அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. மறுபடி கூப்பிட்டேன், திட்டினேன், கெஞ்சினேன். முதலாளிக் குரல் பத்தடி தாண்டவில்லை.

அப்போதுதான் என் வாயில் அது வந்தது. என்னுடைய பழைய கூவல். வண்டி தள்ளியபோது தெருவின் கடைசி வீட்டுச் சமையலறை வரை போகுமே, அது. உன் பள்ளிக்கூடத் தெருவில் மட்டும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேனே, அது. முற்றத்து வாசலில் வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதிர்க்கடைக்காரன் உள்பட. என் பின்பக்கம் வெளியே, தலை உள்ளே. அந்தக் கோலத்தில் கூவினேன். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை பனி அசைந்தது. தொண்டை கிழியும்வரை நிறுத்தவில்லை.

முதலில் காணாமல் போன ஒரு படகு வந்தது. பிறகு இன்னொன்று. அதிலிருந்தவர்கள் எத்தனை நாள் சுற்றினார்களோ, துடுப்பு போடக்கூடத் தெம்பில்லை. கடைசியில் ஓடம். வாலு கோலைத் தவறவிட்டுவிட்டு நடுவில் குந்தி அழுதுகொண்டிருந்தான். ஓடக்காரம்மா நீந்திப் போய் இழுத்து வந்தாள். அவனைக் கரையேற்றிவிட்டு, என்னை அண்ணாந்து பார்த்தாள். கோபம் இல்லை. கை இரண்டும் காலியாகத் தொங்கின. அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தலையை வெளியே எடுத்தேன். பெரியவள் காலிச் சிமிழை என் வாயருகே நீட்டினாள்.

கூவினேன், முழுதாக. மூடினேன். அவள் அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். சற்று நேரத்தில் என் கூவல் அந்த அம்மாவின் குரலில் ஆற்றின்மேல் போவதைக் கேட்டேன். கேட்கும்போதே அது எனக்குத் தெரியாத பாஷையாகிவிட்டது. வார்த்தை போயிற்று, ராகம் போயிற்று. குரலையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இப்போது நான் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கேட்கும். இந்தத் தடவை கொசுறாக நான் எதுவும் கேட்கவில்லை.

மேலே வந்த வாலு, "மாமா, அந்தக் கூவல் உங்களுக்கு யாரு கொடுத்தா?" என்றான். யாரும் கொடுக்கவில்லை, வண்டி தள்ளும்போது நானே கட்டியது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க முதலாளியாப் பிறக்கலையா?"

"முதலாளியா யாருடா பிறப்பா, லூசு" என்றாள் அவன் அக்கா.

தள்ளுவண்டிக்காகத்தான் இத்தனை வருடம் கூனிக் குறுகினேன். இப்போது அது ஒன்றுமே இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டு "இவ்ளோதானா?" என்று கேட்க உன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அவன் சரியாகச் செய்தான் என்று முதுகில் தட்டினேனே, அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ என்ன சொன்னாலும் சரி. பிள்ளைகளை அழைத்துக்கொள்வதானாலும் சரி.

அண்ணன்

*

ஜூன் 29

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வண்டி வராததாலா, நீ எழுதாததாலா என்று தெரியவில்லை. கேட்க மாட்டேன்.

பிள்ளைகள் நலம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெரியவள் வாதாடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். ஒருவர் மட்டும்தான் இறங்கலாம், மற்றவர் ஏணியில் என்னோடு நிற்க வேண்டும், இடுப்பில் கயிறு. வெளிச்சக் கற்களைத் திருப்பி அனுப்பினேன், அவர்கள் வாங்கவில்லை. "அது தண்ணிக்கு மாமா. அது சரியான வியாபாரம்" என்றாள். எது சரி, எது இல்லை என்று இப்போது அவளைக் கேட்டுத்தான் நடக்கிறேன். தினமும் காலையில் நானே குழாயைப் போடுகிறேன். மூடியைத் திறந்தே வைக்கிறேன். அவர்களுக்கு எப்போதும் பௌர்ணமி.

கடையில் வாடிக்கைக்காரர்கள் "என்ன முதலாளி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். தையல்கடை அம்மா நேற்று வந்து ஒரு வாளி வாங்கினாள். கேட்பதற்கு முன்பே ஒரு மக்கைச் சேர்த்துக் கொடுத்தேன். சந்தேகப்பட்டு அதில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. வாலு தினமும், "அந்தக் கூவலைச் சொல்லுங்க மாமா" என்கிறான். அங்கிருந்த பனியில் அவனுக்கும் வார்த்தை பிடிபடவில்லையாம், முற்றத்தில் நின்றவர்களுக்குத் தொட்டியின் முழக்கம் மட்டும்தான் கேட்டதாம். பெரியவளோ நான் சிமிழுக்குள் கூவும்போது காதைப் பொத்திக்கொண்டாளாம், தன்னிடம் கொஞ்சம் தங்கிவிடக் கூடாது என்று. நான் வாயைத் திறக்கிறேன். உள்ளே காலி. வண்டி ஞாபகம் இருக்கிறது, வெயில் ஞாபகம் இருக்கிறது, என்ன கூவினேன் என்பது மட்டும் இல்லை.

அண்ணன்

*

ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

மலைச்சரிவில் மண் விழுந்து பாதை அடைபட்டது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை என்னென்ன திட்டினேன் என்று இங்கே பாத்திரம் கழுவுகிறவர்களைக் கேள். ஒரு முழுநாள் திட்டினேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் பிள்ளை பனிக்குள் உட்கார்ந்து அழுததை நினைத்தால் இப்போதும் கையிலிருக்கும் கரண்டியை வீசத் தோன்றுகிறது. அது ஆற இன்னும் நாளாகும். ஆறும்.

இரண்டாம் கடிதத்தில் நீ எதையும் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டு நடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்குத் திட்டு தீர்ந்துபோயிற்று.

இங்கே வேலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்கு வா. உன்னால் கூப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும், ஒரு வாளியைத் தட்டு, நான் வந்துவிடுகிறேன். தட்டினால் வரப் பழகியவர்களோடு இத்தனை மாதம் இருந்திருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேனா, நானும் அங்கேயே தங்கப் போகிறேனா என்பதை வந்து பேசிக்கொள்வோம். எப்படியும் அந்தத் தொட்டிக்குள் நான் ஒருமுறை தலையை விட்டுப் பார்க்க வேண்டும். உன் தொப்பை எனக்கு இல்லை, இறங்கியே பார்ப்பேன். அந்த அம்மாவிடம் பேச வேண்டியது இருக்கிறது.

என் பள்ளிக்கூடத் தெருவில் நீ வாயை மூடிக்கொண்டு போனதைப் போகிற போக்கில் எழுதியிருந்தாய். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது உன் வண்டியின் இடது சக்கரம் கிறீச்சிடுவது எனக்குக் கேட்கும். நீதான் போகிறாய் என்று தெரியும். தலையைப் புத்தகத்துக்குள் விட்டுக்கொண்டு, கூவிவிடாதே அண்ணா என்று வேண்டிக்கொள்வேன். நீயும் கூவ மாட்டாய். உன் கூவல் எனக்கு அவமானமாக இருந்தது ஒரு காலம். அந்தச் சத்தமில்லாத தெரு இன்றைக்கு வரைக்கும் எனக்குள் இருக்கிறது.

ஆனால் காலையில் நம் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது கூவுவாயே, அதை ஒருநாள் தவறாமல் கேட்டவள் நான். காதைப் பொத்திக்கொண்டு கேட்டாலும் மனப்பாடம் ஆகும் விஷயங்கள் இருக்கின்றன. கீழே எழுதியிருக்கிறேன். எழுதிய பிறகு கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தேன், எனக்கு மறக்கவில்லை. தொட்டிக்கு இந்தப் பக்கம் இது ஒரு வசதி. வாலுவுக்கு நீயே சொல், உன் சின்னக் குரலிலேயே.

உன் தங்கை

கொசுறு (நீ கேட்கவில்லை, நானாகப் போடுவது):

ஒடஞ்சதிருந்தா எடுத்துட்டு வாங்க,
ஒழுகுறதிருந்தா எடுத்துட்டு வாங்க,
ஒண்ணுமே இல்லையா, சும்மாவாவது
வெளிய வாங்கம்மா... வெளிய வாங்க...